தொலைபேசிச் சாக்கெட்டில் டேட்டா இணைப்பு: பிளக் நுழைகிறது, வேகம் நிற்கவில்லை

#1 தறிநூல்

வணக்கம். தொலைபேசிக்காகச் சுவருக்குள் ஓடும் கம்பிகளை வைத்தே வீட்டின் எல்லா அறைகளுக்கும் டேட்டா இணைப்பு கொடுக்கப் பார்க்கிறேன். பெட்டிகளைத் திறந்தால் வெவ்வேறு காலத்து வேலைகள் கலந்து கிடக்கின்றன.

கூடத்தில் எட்டுக் கம்பிக் கேபிள். உறையில் டேட்டா கேபிளின் தரவகையான கேட்-5இ என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் ஆறு இடம் கொண்ட தொலைபேசிச் சாக்கெட்டில் நீலமும் வெள்ளை-நீலமும் மட்டுமே இணைக்கப்பட்டு, மற்ற ஆறு கம்பிகளும் உறைமீது சுற்றி விடப்பட்டுள்ளன.

மாடியில் இரண்டு அறைகளுக்கு இடையே ஓடும் கேபிளின் இரு முனையிலும் எட்டு இடச் சாக்கெட் முன்பே இருக்கிறது. முன்னர் வேலை செய்தவர் எட்டுக் கம்பிகளையும் இணைத்திருக்கிறார். சோதனைக் கருவியில் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசை தவறாமல் எரிகின்றன. ஆனாலும் கணினியைச் செருகினால் ஒரு கிகாபிட் என்று காட்டிவிட்டு 100 மெகாபிட்டுக்கு இறங்குகிறது. பெரிய கோப்பை அனுப்பினால் பாதியில் திணறுகிறது.

பின்னறையில் இருப்பது நான்கு கம்பிகள் மட்டுமே உள்ள பழைய உருண்டைக் கேபிள்: சிவப்பு, பச்சை, கறுப்பு, மஞ்சள். திருகாணி முனைகள். அது கூடத்துக்கு நேராக வராமல் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவித் தாவிப் போகிறது.

இவை போதாதென்று, மோடத்துடன் வந்த கம்பியின் சுவர்முனை எங்கள் சாக்கெட் எதிலும் சேரவில்லை. பக்கவாட்டில் கொக்கி வைத்த அகலமான பிளக் அது. அடாப்டர் ஒன்று போட்டேன். நுழைகிறது, ஆனால் டிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பிவழி இணையம்) விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது.

ஆறு இடப் பிளக் எட்டு இடச் சாக்கெட்டுக்குள் நன்றாகவே போகிறது. அப்படியே பயன்படுத்தலாமா, அல்லது ஏதாவது மாற்றி வாங்க வேண்டுமா?

#2 கம்பித்தடம்

நல்ல விவரமான கேள்வி. மாற்றி வாங்குவதைப் பற்றி இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் சிக்கல்களில் அடாப்டர் தீர்க்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அதுவும் சரியான அடாப்டராக இருந்தால்.

முதலில் பிளக் நுழைவது பற்றி. தொலைபேசிப் பிளக்குக்கு ஆறு இடம். டேட்டா பிளக்குக்கு எட்டு இடம். இரண்டிலும் தொடுமுனைகளுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். அதனால் ஆறு இடப் பிளக் எட்டு இடச் சாக்கெட்டின் நடுவில் போய் உட்காரும். தொலைபேசியின் நடுவிரு முனைகளான 3, 4 ஆகியவை சாக்கெட்டின் 4, 5 முனைகளைத் தொடும். இது தற்செயல் அல்ல. டி568ஏ, டி568பி என்ற இரண்டு வயரிங் முறைகளிலும் 4, 5 நீல ஜோடிக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே சாக்கெட்டில் தொலைபேசியையும் செருகலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஆறு இடப் பிளக்கின் இரு ஓரங்களிலும் இருக்கும் பிளாஸ்டிக் விளிம்பு, சாக்கெட்டின் 1, 8 ஆகிய முனைகளை இயல்பை விட ஆழமாக அழுத்துகிறது. இதைத் தாங்கும்படி செய்த ஜாக்குகள், அதாவது சாக்கெட்டுகள், இருக்கின்றன, மலிவானவை தாங்குவதில்லை. தொடுகம்பி வளைந்து திரும்பி வராமல் போனால், பிறகு சரியான டேட்டா பிளக்கைச் செருகினாலும் 1 தொடாது. 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு (கம்பிவழி டேட்டா இணைப்பு முறை) 1, 2, 3, 6 நான்கும் வேண்டும். ஆகவே அந்த ஜாக் போனது போனதுதான்.

இன்னொரு எச்சரிக்கை, இது முக்கியம். உயிருள்ள தொலைபேசி இணைப்பில் சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கும். மணி அடிக்கும்போது அதன்மேல் 90 வோல்ட் அளவுக்கு மாறுமின்னழுத்தம் ஏறும். நீல ஜோடியில் அந்த இணைப்பு இருக்கும்போது அதே சாக்கெட்டில் கணினியைச் செருகினால், கிகாபிட் போர்ட்டுக்குள் 4, 5 முனைகள் ஒரு மின்மாற்றியின் சுருளில் முடிகின்றன. எக்ஸ்சேஞ்சின் கண்ணுக்கு அது ரிசீவரைத் தூக்கி வைத்ததுபோலத் தெரியும்; லைன் எப்போதும் பிஸியாகவே கிடக்கும். போர்ட்டும் கெட்டுப்போகலாம். எனவே வேலை தொடங்குமுன் வெளியிலிருந்து வரும் இணைப்பு வீட்டுக்குள் நுழையும் பெட்டியிலேயே அதைப் பிரித்துவிடுங்கள். உள்ளே வெறும் செம்பு மட்டும் இருக்கட்டும்.

#3 நீலவெள்ளை

மாடி அறைகளில் எட்டு விளக்கும் எரிந்தும் வேகம் விழுகிறது என்றீர்களே, அதுதான் எனக்கு ஆர்வமாக இருக்கிறது. இரண்டு சாக்கெட்டையும் கழற்றி, 1 முதல் 8 வரை எந்த நிறம் எங்கே போகிறது என்று பார்த்து எழுத முடியுமா? ஜாக்கின் முதுகில் ஒட்டியிருக்கும் வண்ணச்சீட்டை நம்ப வேண்டாம். உண்மையில் இருக்கும் கம்பியைப் பாருங்கள்.

#4 தறிநூல்

பார்த்தேன். இரண்டு முனையிலும் ஒரே வரிசை:

1 வெள்ளை-பழுப்பு, 2 வெள்ளை-பச்சை, 3 வெள்ளை-ஆரஞ்சு, 4 நீலம், 5 வெள்ளை-நீலம், 6 ஆரஞ்சு, 7 பச்சை, 8 பழுப்பு.

ஒழுங்காகத்தானே இருக்கிறது? இரு முனையும் ஒன்றாக இருந்தால் போதும் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன்.

#5 நீலவெள்ளை

எதிர்பார்த்ததேதான். இது தொலைபேசிக்காரர்களின் வரிசை. நடுவிலிருந்து வெளியே போகும்: 4-5 ஒரு ஜோடி, 3-6 ஒரு ஜோடி, 2-7 ஒரு ஜோடி, 1-8 ஒரு ஜோடி. நான்கு தொலைபேசி இணைப்புகளை ஒரே ஜாக்கில் கொண்டுவர இது மிக நல்ல முறை. பேச்சுக்கு எந்தக் கேடும் இல்லை.

டேட்டாவின் கணக்கு வேறு. ஈதர்நெட் தன் சிக்னலை 1-2, 3-6, 4-5, 7-8 என்று அனுப்புகிறது. உங்கள் வரிசையில் 3-6ம் 4-5ம் தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டன. ஆனால் 1-2 என்பது உங்கள் கேபிளில் பழுப்பு ஜோடியிலிருந்து ஒரு கம்பியும் பச்சை ஜோடியிலிருந்து ஒரு கம்பியும். 7-8ம் அதேபோல. ஒரு சிக்னலின் போக்கும் வரவும் ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரண்டு கம்பிகளில் ஓடுகின்றன.

ஜோடியை முறுக்குவது அழகுக்காக அல்ல. முறுக்கிய இரண்டு கம்பிகளிலும் வெளி இரைச்சல் ஒரே அளவில் படியும். பெறும் முனை இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் அந்த இரைச்சல் கழிந்துவிடும். ஜோடி பிரிந்தால் அந்தக் கழித்தலே இல்லை. இங்கே இன்னும் மோசம்: 1-2ன் ஒரு கம்பி 7-8ன் ஒரு கம்பியோடு கேபிள் நெடுக முறுக்கிக் கிடக்கிறது. ஒன்றின் சிக்னல் மற்றதில் தாராளமாகக் கசியும். பிரிந்த ஜோடி என்று தொழிலில் இதைத்தான் சொல்வார்கள்.

உங்கள் சோதனைக் கருவிக்கு இது தெரியாது. அது ஒவ்வொரு கம்பியிலும் மின்சாரம் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கிறது; 1 மறுமுனையின் 1-ஐத் தொட்டால் விளக்கு எரியும். எந்தக் கம்பி எதோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்பதை அளக்க, கசிவை அளக்கும் கருவி வேண்டும். அது இல்லாவிட்டால் கண்ணே போதும்: 1-2 ஒரே நிற ஜோடியா, 7-8 ஒரே நிற ஜோடியா?

தொடக்கத்தில் ஒரு கிகாபிட் என்று காட்டியதற்கும் காரணம் உண்டு. இரண்டு முனைகளும் "உனக்கு எவ்வளவு முடியும்" என்று கேட்டுக்கொள்ளும் துடிப்புகள் மிக மெதுவானவை. எந்தக் கம்பியிலும் அவை போய்ச் சேரும். வேகம் ஏறிய பிறகுதான் பிழைகள் கொட்டத் தொடங்குகின்றன.

"இரு முனையும் ஒன்றாக இருந்தால் போதும்" என்பது அரைகுறை அறிவுரை. எத்தனையோ வீடுகளில் இதனால் கேபிளையே பழுது என்று தூக்கி எறிகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. கேபிளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

#6 கம்பித்தடம்

மிகச் சரி. தறிநூல், இரு முனையிலும் டி568பி போட்டுவிடுங்கள்: 1 வெள்ளை-ஆரஞ்சு, 2 ஆரஞ்சு, 3 வெள்ளை-பச்சை, 4 நீலம், 5 வெள்ளை-நீலம், 6 பச்சை, 7 வெள்ளை-பழுப்பு, 8 பழுப்பு. டி568ஏ போட்டாலும் குற்றமில்லை. ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறும், அவ்வளவே. வீடு முழுக்க ஒன்றையே பின்பற்றுங்கள்.

ஜோடியைப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். தொலைபேசி வேலையில் பழகிய கைக்கு இது கடினம். அவர்கள் தாராளமாக உறையைச் சீவி, முறுக்கைப் பிரித்து, பெட்டிக்குள் சுருட்டி வைப்பார்கள். டேட்டாவில் முறுக்கு, ஜாக்கில் கம்பியைக் கவ்வும் வெட்டுவாய் வரை போக வேண்டும்.

#7 அலைவரிசை

ஒரு மாற்றுக் கருத்து. கூடத்தில் தொலைபேசி இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எல்லா ஜோடிகளையும் டேட்டாவுக்குக் கொடுப்பானேன்? 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். நீலத்தைத் தொலைபேசிக்கு விட்டுவிட்டு, சுவரில் இரண்டு ஜாக் போடலாம்: ஒன்று ஆறு இடம், ஒன்று எட்டு இடம். புதிய கேபிள் இழுக்க வேண்டியதில்லை. பல அலுவலகங்களில் இப்படித்தான் ஓடியது.

#8 கம்பித்தடம்

ஓடியது என்பது உண்மை. 1990ல் 10 மெகாபிட் ஈதர்நெட்டான 10பேஸ்-டி வந்தபோதும், 1995ல் 100 மெகாபிட்டுக்கான 100பேஸ்-டிஎக்ஸ் வந்தபோதும் இரண்டு ஜோடிகளே தேவைப்பட்டன. மீதி இரண்டில் பேச்சை விடுவது சாதாரணம். 1999ல் கிகாபிட்டுக்கான 1000பேஸ்-டி வந்து நான்கு ஜோடிகளையும் கேட்டதோடு அந்த வசதி முடிந்தது. இன்று அப்படிப் பிரிக்கும் கேபிள் 100லேயே நின்றுவிடும். அடுத்து வருபவர் எட்டு இட ஜாக்கைப் பார்த்து, கிகாபிட் ஏன் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை கேபிள் வழியே மின்சாரம் கொடுக்கும் கருவிகள். தரநிலைப்படி செய்தவை, மறுமுனையில் 25 கிலோஓம் அடையாளம் தெரிந்த பிறகே மின்சாரம் விடும். எதையும் கேட்காமல் 4-5, 7-8 வழியே நேராக மின்சாரம் விடும் எளிய இன்ஜெக்டர்களும் புழக்கத்தில் இருக்கின்றன. அதை நீலத்தில் தொலைபேசி இருக்கும் கேபிளில் யாராவது செருகினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு கேபிள். வழியே இல்லை என்றால் மட்டும் பிரியுங்கள். அப்போது ஜாக்கின் முகத்திலேயே "100 மட்டும், நீலம் தொலைபேசி" என்று எழுதி ஒட்டுங்கள்.

#9 அலைவரிசை

இன்ஜெக்டர் விஷயம் நியாயம். ஆனால் சுவரை உடைக்க முடியாதவர்களுக்கு 100 மெகாபிட் கம்பி இணைப்பு, தத்தளிக்கும் வைஃபையை விட எவ்வளவோ மேல். அந்த வழியை முற்றிலும் மூடிவிட வேண்டாம் என்பதே என் எண்ணம்.

#10 முனையம்

கருவி பற்றி யாரும் பேசவில்லையே.

வெட்டுவாய் முனைகளில் 110 வகையும் குரோன் வகையும் வேறு வேறு. இரண்டும் கம்பியின் தோலைக் கிழித்துச் செம்பைக் கவ்வுகின்றன என்பது மட்டுமே ஒற்றுமை. குரோனில் தகடு 45 பாகை சாய்ந்து நிற்கும். குத்துக்கருவியின் 110 வகை அலகைக் கொண்டு அதில் குத்தினால் தகடு விரிந்துபோகும். அன்றைக்கு வேலை செய்யும். சில மாதம் கழித்து இணைப்பு விட்டு விட்டு வரும். பழைய தொலைபேசிப் பெட்டிகளில் குரோன் அதிகம், புதிய டேட்டா ஜாக்குகளில் 110 அதிகம். ஆகவே கைப்பிடியில் இரண்டு அலகையும் வைத்திருங்கள். திருப்புளியால் அமுக்குவதை மட்டும் செய்யாதீர்கள்.

அடுத்தது கம்பியின் தடிமன். கேட்-5இ கம்பி சுமார் 0.5 மில்லிமீட்டர். தொலைபேசிக் கம்பியில் 0.4 முதல் 0.6க்கு மேல் வரை பார்க்கலாம். மெல்லியதைப் பெரிய பிளவில் வைத்தால் பிடிப்பு இருக்காது. தடித்ததைத் திணித்தால் தகடு தளர்ந்து, அடுத்த முறை மெல்லிய கம்பியைப் பிடிக்காது. ஒரே பிளவில் இரண்டு கம்பிகளைக் குத்தி அடுத்த பெட்டிக்குத் தொடர்வது தொலைபேசியில் வழக்கம். டேட்டா ஜாக்கில் அதற்கு இடமில்லை.

சுவருக்குள் ஓடும் கேபிளின் முனையில் நேராகப் பிளக்கைக் கிரிம்பிங் செய்யாமல் (அழுத்திப் பொருத்தாமல்) ஜாக்கில் முடியுங்கள். சுவர்க் கேபிள் ஒற்றை இழைச் செம்பு. பல பிளக்குகளின் பற்கள் பல இழைக் கம்பிக்காகச் செய்தவை. ஒற்றை இழையின்மேல் அவை சரியாக அமராது. தொலைபேசியோடு வரும் தட்டையான கம்பியை டேட்டாவுக்குப் பயன்படுத்தும் எண்ணமே வேண்டாம். அதில் முறுக்கே கிடையாது.

#11 தறிநூல்

எல்லோருக்கும் நன்றி. மாடி அறைகளில் இரு முனையையும் 110 அலகால் டி568பிக்கு மாற்றினேன். கிகாபிட் பிடித்து நிற்கிறது. மாலை முழுவதும் கோப்புகளை அனுப்பிப் பார்த்தும் ஸ்விட்ச்சின் பிழை எண்ணிக்கை பூஜ்ஜியத்திலேயே இருக்கிறது. கேபிள் அதேதான். கூடத்தில் தொலைபேசியை நுழைவுப் பெட்டிக்கு அருகே நகர்த்திவிட்டு, அங்கிருந்த கேபிளின் நான்கு ஜோடிகளையும் டேட்டாவுக்கே கொடுத்துவிட்டேன்.

பின்னறையின் நான்கு கம்பிக் கேபிளும் மோடமும் மீதி.

#12 நீலவெள்ளை

அருமை. நான்கு கம்பிக் கேபிளைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன்: அதில் ஈதர்நெட் ஓட்ட முயல வேண்டாம். நான்கு கம்பிகளும் சேர்ந்தே சுற்றப்பட்டிருக்கும் அல்லது முறுக்கே இருக்காது. ஜோடி என்று ஒன்று அதில் கிடையாது. மிகக் குறுகிய தூரத்தில் 10 மெகாபிட் ஒருவேளை தப்பிப் பிழைக்கலாம். அதற்காக உழைப்பது வீண்.

முதலில் அந்தக் கேபிள் குழாய்க்குள் ஓடுகிறதா, சுவரில் ஆணி அடித்துப் பதித்திருக்கிறதா என்று பாருங்கள். மெல்ல இழுத்தால் மறுமுனை அசைகிறதா? அசைந்தால் அதுவே உங்கள் இழுகயிறு. அதன் முனையில் புதிய கேட்-6 கேபிளைக் கட்டி, கூடவே ஒரு வெறும் நூலையும் சேர்த்து இழுத்துவிடுங்கள். நூல் உள்ளேயே இருக்கட்டும்.

அசையாவிட்டால், மோசமான செம்பில் ஓடுவதற்கென்றே உருவான முறைகளிடம் போக வேண்டும். வீட்டில் இருக்கும் கம்பிகளிலேயே டேட்டா அனுப்பும் ஜி.எச்என் முறை அடாப்டர்களில் தொலைபேசிக் கம்பிக்கானவை உண்டு. விடிஎஸ்எல் (வேகமான டிஎஸ்எல் வகை) பாலம் என்று ஜோடியாக வருவதும் உண்டு. அதில் ஒரு முனை எக்ஸ்சேஞ்ச் பக்கம்போலவும் மற்றது வீட்டுப் பக்கம்போலவும் நடந்துகொள்ளும். இரண்டுக்கும் இரண்டு கம்பிகள் போதும். கம்பியின் நிலைக்கேற்ப அலைவரிசைகளைத் தாங்களே தேர்ந்துகொள்ளும். கேட்-5இ கிகாபிட்டுக்கு இணையாகாது, ஆனால் நிலையாக நிற்கும்.

ஒரு நிபந்தனை. தாவித் தாவிப் போகும் வழியில் தொங்கும் கிளைகள் எல்லாவற்றையும் துண்டித்துவிட வேண்டும். முனை திறந்து கிடக்கும் ஒவ்வொரு கிளையிலும் சிக்னல் போய் மோதித் திரும்பி வந்து, மூலச் சிக்னலைக் கெடுக்கும். இடைப்பெட்டிகளில் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் ஜெல் நிரப்பிய சிறு இணைப்பிகளால் நேராக ஒட்டிவிடுங்கள். பேச்சுக்கும் டிஎஸ்எல்லுக்கும் அந்த இணைப்பி மிக நம்பகமானது. தோல் சீவாமலே கம்பியைச் செருகி அழுத்தினால் போதும்.

#13 முனையம்

மோடம் பற்றி நான் சொல்கிறேன். பக்கவாட்டுக் கொக்கியோடு இருக்கும் அகலப் பிளக் என்றால் அது 1981ல் பிரிட்டனில் வந்த வகையாகவே இருக்கும். ஜெர்மனியின் டிஏஇ, பிரான்சின் டி வடிவப் பிளக், ஆஸ்திரேலியாவின் 610 எல்லாம் தோற்றத்திலேயே வேறு.

பிரிட்டன் பிளக்கில் இணைப்பு 2, 5 என்ற முனைகளில் வருகிறது. 3வது மணி அடிப்பதற்கான தனிக் கம்பி, அதற்கான 1.8 மைக்ரோபாரட் மின்தேக்கி அந்நாட்டின் முதன்மைச் சாக்கெட்டுக்குள் இருக்கிறது. ஆறு இடப் பிளக்கிலோ இணைப்பு நடுவில், 3, 4ல் வர வேண்டும். உங்கள் அடாப்டர் முனைகளை நேருக்கு நேர் கொண்டுபோகும் வகையாக இருந்தால் மோடம் தொடுவது இணைப்பே வராத கம்பியை. அல்லது ஒரு கம்பி மட்டும் தொட்டு மற்றது தொடாமல் இருந்தாலும் விளக்கு இப்படிச் சிமிட்டும், ஏனெனில் உயர் அலைவரிசை கொஞ்சம் கசிந்து போகும்.

மல்டிமீட்டரைத் தொடர்ச்சி அளவில் வைத்து, மோடக் கம்பியை அடாப்டரில் செருகிய நிலையில், அடாப்டரின் சுவர்ப்பக்கத்து நடு இரண்டும் கம்பியின் மோட முனையில் உள்ள நடு இரண்டோடு சேர்கின்றனவா என்று பாருங்கள். சேராவிட்டால் அடாப்டரைத் தூக்கி வைத்துவிட்டு, இரு முனையிலும் ஆறு இடப் பிளக் உள்ள முறுக்கிய கம்பி ஒன்றைப் போடுங்கள். இரண்டு கம்பிகள் முன்பின்னாக மாறினால் டிஎஸ்எல் கவலைப்படாது.

#14 தறிநூல்

அளந்துவிட்டேன். நடு முனைகள் சேரவே இல்லை. ஓரத்தில் ஒன்று மட்டும் சேர்கிறது. முறுக்கிய கம்பிக்கு மாற்றியதும் மோடம் இணைந்துவிட்டது. பின்னறைக் கேபிளும் இழுத்தால் அசைகிறது, குழாய்தான்.

ஒரு கடைசிக் கேள்வி. மோடம் இப்போது நுழைவுப் பெட்டி அருகே, தொலைபேசியோடு ஒரே சாக்கெட்டில் இருக்கிறது. தொலைபேசிக்கு மட்டும் டிஎஸ்எல் சிக்னலைத் தடுக்கும் ஃபில்டர் போட்டால் போதுமா, பேச்சையும் டிஎஸ்எல்லையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் வேண்டுமா?

#15 கம்பித்தடம்

ஒரே ஒரு தொலைபேசி என்றால் அதற்கு முன்னால் ஃபில்டர் ஒன்று போதும். மோடத்துக்கு ஃபில்டர் போடாதீர்கள். போட்டால் அதற்கு வர வேண்டிய அலைவரிசையே அடைபட்டுவிடும். பின்னாளில் வேறு அறைகளுக்கும் தொலைபேசி கொடுப்பதாக இருந்தால் நுழைவிடத்தில் ஒரு ஸ்பிளிட்டர் வைத்து, அதன் தொலைபேசிப் பக்கத்திலிருந்து மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். அப்போது எந்த அறையிலும் தனி ஃபில்டர் தேவைப்படாது.

குழாய் என்று தெரிந்ததால் பின்னறைக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கேட்-6 இழுத்துவிடுங்கள். முடிச்சை நீளவாக்கில் மெலிதாக ஒட்டுநாடாவால் சுற்றுங்கள், வளைவில் சிக்காது. இழுக்கும்போது மறுமுனையில் ஒருவர் கேபிளை ஊட்டிக்கொடுக்கட்டும். பலத்தால் இழுத்தால் முறுக்கு நெகிழ்ந்துவிடும். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதிய பிறகு உறையைச் சீவுங்கள்.